கெரட்டோகோனஸ்: கண்ணாடி மாற்றி மாற்றியும் தெளியாத கண்ணுக்கு குரொஸ் லிங்கிங்

ஒரு வருடத்துக்குள் இரண்டு தரம் கண்ணாடி மாற்றியும் பிள்ளைக்குக் கரும்பலகை தெளியவில்லை என்றால், மூன்றாவது கண்ணாடிக்குக் காசு கட்டாதீர்கள். அதற்கு முன்னர் கண்ணின் முன்படலம் எப்படி வளைந்திருக்கிறது என்று காட்டும் டொப்போகிரபிப் படம் ஒன்று எடுங்கள். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் எண், அதாவது ஒரு கோணத்தில் மட்டும் திருத்தும் பவர், ஒவ்வொரு முறையும் கூடுகிறதா? அதன் கோணமும் மாறிக்கொண்டே போகிறதா? ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் எழுத்துக்கு நிழல் விழுகிறதா? இரவில் திருகோணமலை உட்துறைமுக வீதியால் வரும்போது எதிரே வருகிற லைட்டுக்கெல்லாம் வால் முளைத்த மாதிரித் தெரிகிறதா? இவை சேர்ந்து இருந்தால் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கண்ணாடிக் கடையில் இருக்கும் கம்பியூட்டர் இயந்திரம் பவரைச் சொல்லும். விழிவெண்படலம் முழுவதும் எப்படி வளைந்திருக்கிறது, எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிவான படலம். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம் கூட. அதில் பெரும்பகுதி கொலாஜன் நார்கள்தான். கெரட்டோகோனஸில் இந்த நார்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்கிறது. கண்ணுக்குள் இருக்கும் சாதாரண அழுத்தமே தளர்ந்த இடத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த இடம் மெலிந்து கூம்பாகிறது, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே. பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் தொடங்கி முப்பத்தைந்து, நாற்பது வரை போகலாம். இரண்டு கண்ணிலும் வரும், ஆனால் ஒன்று முந்தும். வயது குறையக் குறைய வேகம் கூட. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் மூன்று மாதமே நீண்ட காலம்.

வயது போகப் போக நோய் தானாக மந்தமாவதற்குக் காரணம், கொலாஜன் நார்களுக்கு இடையில் இயற்கையாகவே குறுக்குப் பிணைப்புகள் கூடி விழிவெண்படலம் விறைப்பது. முப்பது வருடத்தில் உடல் மெல்ல மெல்லச் செய்வதை ஒரு மணித்தியாலத்துக்குள் செய்துவிடப் பார்ப்பதுதான் குரொஸ் லிங்கிங். 1990களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்போர்ல் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். நோயாளிகளில் கிடைத்த முதல் பெறுபேறுகள் 2003 இல் வெளிவந்தன. அமெரிக்காவின் அனுமதி 2016 இல் கிடைத்தது. தேவைப்படுவது இரண்டே சாமான்கள்: விற்றமின் பி2 ஆகிய ரைபோபிளேவின் சொட்டு, 365 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா ஒளி. ரைபோபிளேவின் அந்த ஒளியை உறிஞ்சி, திசுவில் உள்ள ஒட்சிசனைத் தாக்குதிறன் கொண்ட வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த ஒட்சிசன் நார்களுக்கு இடையில் புதிய பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. ஒட்சிசன் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சிகிச்சை பார்வையைத் திருப்பித் தராது. நோய் மேலே போகாமல் நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. "லேசர் அடித்தால் கண்ணாடியைக் கழற்றலாம்" என்று நினைத்துப் போகிறவர்கள் மூன்று மாதம் கழித்து ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். இது லேசரும் இல்லை. விழிவெண்படலத்தின் மிகக் கூடிய வளைவைச் சொல்லும் கே மெக்ஸ் எண் 49 இல் இருக்கும்போது நிறுத்தினால் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியோடு படிக்கலாம், ஓடலாம். 60 இல் போய் நிறுத்தினால், நின்றது 60 இல்தான். ஆகவே இந்த விஷயத்தில் எல்லாமே எப்போது பிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

டொப்போகிரபி ரிப்போட்டைக் கையில் எடுத்தால் நிறம் நிறமாக ஒரு படம் இருக்கும். பச்சை சாதாரணம், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போகப் போக வளைவு கூட. கெரட்டோகோனஸ் கண்ணில் கீழ்ப்பாதியில் சிவப்புத் திட்டு ஒன்று சரிந்து உட்கார்ந்திருக்கும். படத்தைவிட மூன்று விடயங்கள் முக்கியம். ஒன்று கே மெக்ஸ், மிகக் கூடிய வளைவு. சாதாரண விழிவெண்படலத்தின் வளைவு, பவரை அளக்கும் டயொப்டர் அலகில், 43ஐ ஒட்டியிருக்கும், 48ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இரண்டாவது, மிக மெல்லிய இடத்தின் தடிப்பு. மூன்றாவது, விழிவெண்படலத்தின் பின்பக்க மேடு. நோய் முதலில் அங்கேதான் தலைகாட்டும், முன்பக்கம் சரியாக இருக்கும்போதே. அதனால் முன்பக்கத்தை மட்டும் காட்டும் பழைய வளைய இயந்திரத்தைவிடப் பின்பக்கத்தையும் அளக்கும் பென்டகாம் போன்ற இயந்திரம் நல்லது.

நோய் நகர்கிறதா என்பதை ஒரு படம் சொல்லாது, இரண்டு படம் வேண்டும். ஒரு வருடத்துக்குள் கே மெக்ஸ் 1 டயொப்டர் அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் நகர்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தடிப்புக் குறைவதும், சிலிண்டர் 1 டயொப்டர் கூடுவதும் பக்கச் சாட்சிகள். இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: முதல் படம் ஒரு ஊரில் ஒரு இயந்திரத்தில், இரண்டாவது படம் வேறு ஊரில் வேறு இயந்திரத்தில். இரண்டையும் ஒப்பிடவே முடியாது, வித்தியாசம் நோயினுடையதா இயந்திரத்தினுடையதா என்று தெரியாது. முடிந்தவரை ஒரே இயந்திரத்தில் எடுங்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் மென்மையான லென்ஸ் என்றால் ஒரு கிழமை, கடின லென்ஸ் என்றால் இரண்டு மூன்று கிழமை முன்னதாகக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். லென்ஸ் அழுத்திய கண்ணின் படம் பொய் சொல்லும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நோய் உறுதியானால், இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்காமலே பல வைத்தியர்கள் சிகிச்சைக்கு நாள் கொடுப்பார்கள். அது சரியான முடிவு என்றே சொல்வேன். காத்திருக்கும் காலத்தில் போவது திரும்பி வராது.

இனிக் கசக்குவதைப் பற்றி. திருகோணமலைப் பக்கம் கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கே போனாலும் சிவந்த கண்ணோடு சிறுபிள்ளைகளைக் காணலாம். ஒவ்வாமையால் வரும் அரிப்பு. அரித்தால் பிள்ளை கசக்கும், அதுவும் விரல் நுனியால் அல்ல, மடக்கிய விரல் மொளியால் கண்ணை உள்ளுக்குத் தள்ளித் தேய்க்கும். கெரட்டோகோனஸை ஓட வைக்கிற காரணங்களில் நம் கையில் இருப்பது இது ஒன்றுதான். பரம்பரையை மாற்ற முடியாது, கசக்குவதை நிறுத்தலாம். பிள்ளை நித்திரையில் கசக்குகிறதா, குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்துகிறதா என்று இரண்டு இரவு விழித்திருந்து பாருங்கள். அரிப்புக்கு ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை மூடிய கண்ணின்மேல் வைக்கலாம். ஒலோபட்டடீன் போன்ற ஒவ்வாமைச் சொட்டைக் கிளினிக்கில் எழுதித் தருவார்கள். பாமசியில் சீட்டு இல்லாமல் வாங்குகிற ஸ்டீரொய்ட் சொட்டு இரண்டு நாளில் கண்ணை வெளுப்பாக்கும், அதனால் தாய்மாருக்கு அதில் நம்பிக்கை. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். ஒவ்வாமையை அடக்காமல் குரொஸ் லிங்கிங் செய்தால் புண் ஆறுவதும் பிந்தும், கசக்கல் தொடர்ந்தால் நோயும் தொடரும்.

யாருக்குச் செய்ய முடியாது? கர்ப்பமாக இருப்பவருக்கும் கண்ணில் ஹேர்ப்பீஸ் வைரஸ் தொற்று வந்தவருக்கும் பொதுவாகச் செய்வதில்லை. கழியூதா ஒளி தூங்கிக் கிடக்கும் அந்த வைரஸை எழுப்பிவிடலாம். ஆகவே முன்பு எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து நொந்து, "வைரஸ்" என்று மருந்து எடுத்திருந்தால் அதை வாய் திறந்து சொல்லுங்கள். நடுவில் தழும்பு விழுந்த கண்ணுக்கும் பயன் குறைவு. பிறகு தடிப்பு. 400 மைக்ரோன் என்ற எல்லையைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், காரணம் பலருக்குத் தெரியாது. விழிவெண்படலத்தின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக இருக்கும் கலங்கள்தான் அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை செத்தால் மீண்டும் முளைக்காது. மேற்பரப்பில் சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லிவாற் ஒளி விழும்போது, ரைபோபிளேவின் ஊறிய 400 மைக்ரோன் திசுவைக் கடந்து அடியில் போய்ச் சேர்வது ஏறத்தாழ 0.18 மில்லிவாற். அந்தக் கலங்களுக்கு ஆபத்து 0.35 இல் தொடங்குகிறது. 400 என்பது அந்த இடைவெளியைக் காப்பாற்றுகிற எண். கவனியுங்கள், இது சிகிச்சையின் தொடக்கத்தில் மேலணியை, அதாவது விழிவெண்படலத்தின் மேல்தோலை, எடுத்த பிறகு இருக்க வேண்டிய தடிப்பு. மேலணி 50 மைக்ரோன் அளவு. ரிப்போட்டில் 430 என்று பார்த்து நிம்மதி அடைய முடியாது, 430 இல் 50 போனால் 380. அப்படியான கண்ணுக்கு திரவத்தைக் கெட்டியாக்கும் டெக்ஸ்ட்ரான் கலக்காத, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ரைபோபிளேவினை விட்டு, விழிவெண்படலத்தை ஊத வைத்து 400க்கு மேலே கொண்டுவந்த பிறகே ஒளியைப் போடுவார்கள்.

டிரெஸ்டன் முறையில் நடப்பது இதுதான். மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள், ஊசி கிடையாது. இமைகளைக் கம்பி ஒன்று விலக்கிப் பிடிக்கும். மழுங்கிய கரண்டியாலோ, 20 சதவீத அல்ககோலை அரை நிமிடம் வைத்தோ, நடுவில் 8 முதல் 9 மில்லிமீற்றர் வட்டத்தில் மேலணியை நீக்குவார்கள். பிறகு அரை மணித்தியாலம் 0.1 சதவீத ரைபோபிளேவின், 2 முதல் 5 நிமிடத்துக்கொரு சொட்டு. மஞ்சள் திரவம் கண்ணெல்லாம் பரவி கன்னத்திலும் வழியும், உலகமே மஞ்சளாகத் தெரியும். இந்த அரை மணித்தியாலத்தைச் சுருக்கக் கூடாது. ரைபோபிளேவின் பிணைப்புக்கான மருந்து மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் கலங்களுக்கு ஒளி போகாமல் மறைக்கும் திரையும் அதுதான். அரைகுறையாக ஊறினால் திரையில் ஓட்டை. சரியாக ஊறியதா என்று, கண்ணைப் பெருப்பித்துக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் நீல ஒளியில் பார்ப்பார்கள். விழிவெண்படலத்துக்குப் பின்னால் இருக்கும் நீரிலும் மஞ்சள் தெரிந்தால் ஊறிவிட்டது.

ஊறிய பிறகு தடிப்பை மறுபடி அளப்பது நல்ல இடத்தின் அடையாளம். டெக்ஸ்ட்ரான் உள்ள சொட்டு திசுவிலிருந்து நீரை இழுக்கும், இமை திறந்தே கிடப்பதாலும் கண் வரளும், 420 ஆக இருந்தது அரை மணித்தியாலத்தில் 380 ஆகலாம். அதன் பின் 30 நிமிடம் 3 மில்லிவாற் ஒளி, மொத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 5.4 யூல். ஒளி எரியும்போதும் சொட்டு தொடரும். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: அந்த நீல விளக்கையே பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பது. கண் ஒரு பக்கம் விலகினால் ஒளி கூம்பில் படாமல் விளிம்பில் படும்.

வேகமான முறையும் உண்டு. 9 மில்லிவாற்றில் 10 நிமிடம் போட்டாலும் அதே 5.4 யூல்தான், பல இடங்களில் இப்போது இதுவே வழக்கம். 30 மில்லிவாற்றில் 3 நிமிடம் என்றும் செய்கிறார்கள். கணக்கு சரி, ஆனால் இங்கேதான் ஒட்சிசன் வருகிறது. ஒளி பலமாக அடிக்க அடிக்கத் திசுவில் இருக்கும் ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும், காற்றிலிருந்து புதிதாக ஊறி வர நேரம் போதாது, பிணைப்பு மேலோட்டமாக நின்றுவிடும். மேலணியை நீக்காமல் செய்யும் முறையில் வலி மிகக் குறைவு, ஆனால் மேலணி ரைபோபிளேவினையும் தடுக்கிறது, ஒட்சிசனையும் குடிக்கிறது. வேகமாக நகரும் நோய் உள்ள பிள்ளைக்கு 3 நிமிட முறையைவிட 30 நிமிட முறையையோ 10 நிமிட முறையையோ கேட்டுச் செய்விப்பது நல்லது. இரண்டு நாள் வலிக்கு அஞ்சி இரண்டு வருடப் பலனைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

வலியைப் பற்றி மறைக்கக் கூடாது. மரப்பு இறங்கிய பிறகு முதல் இரவு கடுமை. கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி எரியும், கண்ணீர் ஓடும், வெளிச்சம் தாங்காது. இரண்டாம் மூன்றாம் நாளில் இறங்கும். மேலே ஒரு பாதுகாப்பு லென்ஸ் போட்டு விடுவார்கள், மேலணி மூடும் வரை 3 முதல் 5 நாள் அது இருக்கும். வலி மாத்திரை, அன்ரிபயோட்டிக் சொட்டு, செயற்கைக் கண்ணீர், மேலணி மூடிய பிறகு ஸ்டீரொய்ட் சொட்டு. மரத்துப்போகும் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள், யாராவது தந்தாலும் விடாதீர்கள். அது புண்ணை ஆறவிடாது, விழிவெண்படலத்தையே கரைத்துவிடும். லென்ஸ் கழன்று விழுந்தால் கழுவித் திரும்பப் போடக் கூடாது. கிளினிக்குக்கு அறிவித்துவிட்டுப் புதியதைப் போடுவிக்க வேண்டும்.

இந்த ஐந்து நாளை எங்கே கழிப்பது என்பது திருகோணமலைக்காரருக்குப் பெரிய கேள்வி. பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கிலிருந்து கொழும்புக்கு அனுப்பினால், 260 கிலோமீற்றர் வரையான பாதை. செய்த அன்று இரவு ரெயினில் திரும்பி வர வேண்டாம். லென்ஸ் கழற்றும் நாள்வரை அங்கே உறவினர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்குங்கள். தொற்று வந்தால் வருவது இந்த நாட்களில்தான், அப்போது அதே வைத்தியர் அருகில் இருக்க வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாள் திடீரென்று கூடினால், கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பீளை கட்டினால், அடுத்த நாளுக்கு வைக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். திரும்பும் பயணத்தில் ஹபரணைப் பாதையின் காற்றுக்கு பஸ் ஜன்னலோரம் இருக்காதீர்கள், மூடிய கறுப்புக் கண்ணாடி போடுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு தண்ணீர்தான் எதிரி. கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். தலைக்கு வார்ப்பதானால் அண்ணாந்து, பின்னால் வார்க்கச் சொல்லுங்கள். கடல் குளிப்பும் கன்னியா வெந்நீரூற்றும் ஒரு மாதத்துக்கு இல்லை. திருநீறு பூசும்போது தூள் கண்ணில் கொட்டுவது பலருக்கு நினைவிருப்பதில்லை, இந்த நாட்களில் ஈரமாகக் குழைத்துப் பூசுங்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன் எதையும் கண்ணில் விடக் கூடாது. அன்போடு பெரியவர்கள் கொண்டுவந்து தருவார்கள். மேலணி இப்போதுதான் மூடிய கண்ணைக் கெடுக்கச் சுத்தமில்லாத ஒரு சொட்டு போதும். மிளகாய் இடிக்கும் இடத்துக்கும் அடுப்புப் புகைக்கும் போகாதீர்கள். கடற்றொழிலுக்குப் போகிறவர் ஒரு மாதமாவது படகை விட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரங்களில் பயப்படத் தேவையில்லாத இரண்டு விடயங்கள் வரும். கண்ணில் மெல்லிய பனிமூட்டம் தெரியும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் கூடி, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மங்கிப்போகும். முதல் மாதப் படத்தில் கே மெக்ஸ் முன்பைவிடக் கூடவும் காட்டலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அந்த மாதத்திலேயே முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கு வரும், ஒரு வருடத்தில் பலருக்கு 1 அல்லது 2 டயொப்டர் இறங்கவும் இறங்கும். ஒரு மாதமளவில் ஸ்லிட் லாம்பில் 300 மைக்ரோன் ஆழத்தில் ஒரு கோடு தெரிந்தால், பிணைப்பு எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அது அடையாளம். ஸ்டீரொய்ட் விடும் காலத்தில் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். மெல்லிய விழிவெண்படலத்தில் இயந்திரம் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், அதையும் வைத்தியர் கணக்கில் எடுப்பார்.

உயர்தரப் பரீட்சைக்கு முன்னால் செய்யலாமா என்று கேட்பவர்கள் அதிகம். செய்த கண்ணின் பார்வை ஒன்று முதல் மூன்று மாதம் வரை மங்கலாக இருக்கும், மற்றக் கண்ணால்தான் படிக்க வேண்டும். நோய் நின்று நிதானமாக இருந்தால் பரீட்சைக்குப் பிறகு வைக்கலாம். ஆறு மாதத்தில் 2 டயொப்டர் ஏறிய கண்ணைப் பரீட்சைக்காகத் தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. பரீட்சையை இரண்டாம் தரம் எழுதலாம்.

இரண்டு கண்ணுக்கும் தேவை என்றால் பெரும்பாலும் ஒன்று செய்து, அது ஆறிய பின் மற்றது. எதை முதலில் என்பதற்கு, அதிகம் கெட்ட கண் என்று தானாக முடிவு எடுக்க வேண்டாம். காப்பாற்ற இன்னும் நிறையப் பார்வை மிச்சமிருந்து, வேகமாக நகர்கிற கண் எது என்று கேளுங்கள்.

எல்லாக் கண்ணிலும் நோய் நிற்பதில்லை. 2009 இல் சூரிச்சிலிருந்து வந்த ஆய்வில் 117 கண்களில் 7.6 சதவீதத்தில் ஒரு வருடத்தின் பின்னும் நோய் நகர்ந்தது. கே மெக்ஸ் 58ஐத் தாண்டிய கண்களில் அது கூடுதலாக நடந்தது. 2.9 சதவீதத்தில் பார்வை அட்டையில் இரண்டு வரி குறைந்தது, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஆபத்து கூட. ஆகவே 1, 3, 6, 12 மாதங்களில் படம் எடுத்து, பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது தொடர வேண்டும். மறுபடி நகர்ந்தால் இரண்டாம் முறையும் செய்யலாம்.

பார்வைக்கு வழி தனி. ஆரம்ப நிலையில் இருக்கும் கூம்புக்குக் கண்ணாடி போதும். அதற்கு மேல் கடின லென்ஸ், அதுவும் தாங்காவிட்டால் வெள்ளை விழியில் உட்காரும் ஸ்கிளீரல் லென்ஸ். வைத்தியர் பார்த்துச் சம்மதித்த பிறகே லென்ஸ் திரும்பப் போடலாம், பொதுவாக ஒரு மாதம் கழிந்து. கடின லென்ஸ் கூம்பை அழுத்தி நிறுத்தும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். லென்ஸ் பார்வையைத்தான் திருத்தும், நோய் அதன் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யும் லாசிக் லேசர் இந்தக் கண்ணுக்கு எந்தக் காலத்திலும் கூடாது, மெலிந்த படலத்தை மேலும் சீவுவது அது. நடுவில் தழும்பு விழுந்தவருக்கு மாற்று விழிவெண்படலம் பொருத்துவது உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண் தானச் சங்கம் இருக்கும் நாட்டில் அந்தக் கதவு மூடியதில்லை. ஆனாலும் பதினாறு வயதில் போடும் தையலைவிட, பன்னிரண்டு வயதில் எடுக்கும் ஒரு படம் எவ்வளவோ மேல்.

முதல் படத்திலிருந்து எல்லா ரிப்போட்டையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள், கிளினிக் கொப்பியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். கூடவே, அண்ணனுக்கு இந்த நோய் என்றால், கண்ணாடியே போடாத தங்கச்சியையும் அதே நாளில் அதே இயந்திரத்தில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.